தேங்காயெண்ணெய் வாரம்

எனக்கு மாரடைப்பு வந்தது தங்கராஜின் வாரத்தில். இப்படிச் சொன்னால் எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

ஊட்டி மலைமேல் இருக்கிற குந்தாவில் பவர் ஹவுஸ் ஆபரேட்டராக இருக்கிறேன். சொந்த ஊர் கோபி பக்கம். வயது ஐம்பத்து மூன்று. நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் வளர வளர ஒவ்வொரு வீடாகக் கீழே இறங்கிவிட்டது. நல்ல பள்ளிக்கூடம், டியூஷன், கோச்சிங் எல்லாம் கீழேதானே இருக்கிறது. என் மனைவி சரஸ்வதியும் பையனைக் கூட்டிக்கொண்டு கோபிக்குப் போய்விட்டாள். மேலே மிச்சம் இருந்தது சம்பளம் வாங்கி அனுப்புகிற ஆண்கள் மட்டும்தான்.

எங்கள் வரிசையில் அப்படி மிஞ்சியவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். அடுத்த வீட்டில் தங்கராஜ், நாகர்கோவில் பக்கத்துக்காரர். அதற்கடுத்த வீட்டில் மதுரைக்காரரான முருகேசன். இருவரும் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள். மூன்று வீட்டில் மூன்று அடுப்பு எதற்கு என்று ஒரு மழைக்காலத்தில் பேச்சு வந்து, வாரத்துக்கு ஒருவர் சமைப்பது என்று முடிவானது. குடும்பம் இருந்த காலத்தில் வாங்கிய பெரிய மேஜை என் வீட்டில் இருந்ததால் சாப்பாடு என் வீட்டில். அதற்கு மெஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

என் வாரத்தில் கடலெண்ணெய். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிறு கடைசல் என்று ஓடும். முருகேசன் வாரத்தில் நல்லெண்ணெயும் காரமும். ஞாயிறு வந்தால் எங்கேயாவது போய்க் குடல் வாங்கிவந்து குழம்பு வைத்துவிடுவார். தங்கராஜ் வாரத்தில் தேங்காயெண்ணெய்தான் எல்லாவற்றுக்கும். அவியலுக்கும் அதுதான், அப்பளம் பொரிக்கவும் அதுதான். பக்கத்து ஊரான மஞ்சூரில் ஞாயிற்றுக்கிழமை மீன் வண்டி வந்தால் மத்தி வாங்கிவருவார். அதை அவர் சாளை என்பார்.

எங்கள் மெஸ்ஸில் ஒருவர் சமையலை இன்னொருவர் புகழ்ந்தது கிடையாது. புகழ்ந்தால் அவர் விருந்தாளி என்று அர்த்தம். தலைக்குத் தேய்க்கிறதை எடுத்துத் தாளிக்கிறாரே என்று நான் தங்கராஜைச் சொல்வேன். ஒம்ம கடலெண்ணெய் மாட்டுவண்டி அச்சில் தடவுகிற வண்டி மைக்குத்தான் ஆகும் என்று அவர் திருப்புவார். முருகேசன் குழம்புக்கு நாங்கள் இருவருமாகச் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வோம். சாப்பிட்டு முடித்ததும் வாசலில் நின்று மூன்று பேரும் ஆளுக்கொரு சிகரெட். அந்தக் குளிருக்கு அது இல்லாமல் முடியாது என்பது எங்கள் கட்சி.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. தங்கராஜ் மீன் குழம்பு வைத்திருந்தார். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே, "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் இந்தத் தேங்காயெண்ணெயிலயே என்னையக் கொன்னுபோடுவீங்க தங்கராஜ்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நூறு தடவை சொன்ன பேச்சுதான் அது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் நெஞ்சுக்குழியில் ஏதோ நின்றது. கேஸ் என்றேன். மூன்று பேருமே கேஸ் என்றுதான் நினைத்தோம். சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். முருகேசன் சோடா வாங்க ஓடினார். பழக்கமில்லாத எண்ணெய், ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே சொன்னேன். பல வருஷமாகச் சாப்பிடுகிற எண்ணெய் அன்றைக்கு எப்படிப் பழக்கமில்லாததாக ஆனது என்று யாரும் கேட்கவில்லை. வலி தாடைக்கு ஏறியது. இடது கை கனத்தது. அப்போதும் குப்புறப் படுத்தால் கேஸ் இறங்கும் என்று படுத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடத்தனம்! இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சாப்பிட்டதும் வருகிற வலியெல்லாம் சாப்பாட்டினால் வந்த வலி அல்ல.

என் வேர்வையைக் கண்டுபிடித்தவர் தங்கராஜ். குந்தாக் குளிரில் என் ஸ்வெட்டர் முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவர் வெளியே போய்ப் பவர் ஹவுஸ் ஜீப்போடு வந்தார்.

மஞ்சூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் தனக்குத் தானே ஓட்டிக்கொள்கிற கரண்ட்டைக் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டுவதுதான் ஈசிஜி. வாழ்நாள் முழுக்க மீட்டர் முள்ளைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்ததும் லைனில் ஃபால்ட் இருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. மாத்திரைகளைக் கடித்து மெல்லச் சொல்லி, ஆம்புலன்ஸில் ஊட்டிக்கு அனுப்பினார்கள்.

வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். தங்கராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் மீன் வாசனை இன்னும் இருந்தது. செத்துப்போவேன் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. வேறு எந்த நினைப்பும் வரவில்லை. பையன் முகம்கூட வரவில்லை.

ஊட்டி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டு வாசலிலேயே, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸம்மா கேட்டார். ஆஸ்பத்திரியில் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி இதுதான். தங்கராஜ் முன்னால் வந்தார். நீங்கள் இவருக்கு என்ன உறவு என்றார் நர்ஸம்மா. தங்கராஜ் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணாச் சாப்பிடுறவங்க" என்றார்.

நர்ஸம்மா அதைக் கேட்டு நண்பர் என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு வந்தது என்ன என்று டாக்டரம்மா பிற்பாடு பொறுமையாகச் சொன்னார். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற குழாய்களின் உள்சுவரில் வருஷக்கணக்கில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவில் ஒரு வெடிப்பு விழுகிறது. வெடித்த இடத்தில் ரத்தம் கட்டிக் குழாய் அடைபடுகிறது. அதற்கப்பால் உள்ள சதைக்கு ரத்தம் போகாது. நேரம் போகப் போக அந்தச் சதை செத்துக்கொண்டே வரும். கட்டியை உடனே கரைக்க ஒரு ஊசி உண்டு. அதைத்தான் எனக்குப் போட்டார்கள். சீரகத் தண்ணீரில் கழித்த நேரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி சரஸ்வதி வந்து சேர்ந்தாள். கோபியிலிருந்து மேட்டுப்பாளையம் வந்து, மலை ஏறி, முகமெல்லாம் வெளிறியிருந்தது. என் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரோரம் என் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தங்கராஜிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் மறைக்கத் தெரியாதவர். மீன் குழம்பிலிருந்து தொடங்கினார்.

"ஏனுங்க" என்றாள் சரஸ்வதி. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நம்மூட்டுக்காரருக்குத் தேங்காயெண்ணெய் ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எங்கள் ஊரில் ஒருவரை வெட்டிப்போடுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் வெட்டுவோம். தங்கராஜ் ஸ்வெட்டரை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேச முடிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. மத்தியானம் அதையே நான்தானே சொன்னேன்!

அதற்குப் பிறகு தங்கராஜ் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

தீவிர சிகிச்சையில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே பகலும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. தலைக்குமேல் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். நம் இதயத்தை நாமே டிவியில் பார்க்கிற மாதிரி. உறவுக்காரர்களைச் சிறிது நேரம்தான் உள்ளே விடுவார்கள். மீதி நேரம் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். பசி எடுக்காது. ஆனால் சாப்பாட்டு வேளை வந்தால் மனது எங்கள் மேஜைக்குப் போய்விடும். இந்நேரம் முருகேசன் தட்டு எடுத்து வைத்திருப்பார், தங்கராஜ் அப்பளத்தோடு வருவார் என்று நினைப்பேன். என் வாழ்நாளில் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகு பேச்சுத்துணை கிடைத்தது. சுற்றிலும் என் வயதுக்காரர்கள். பக்கத்துப் படுக்கையில் கீழ் கோத்தகிரி எஸ்டேட்காரர் ஒருவர். அவர் அப்பா அம்மா இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர் வீட்டிலிருந்து தினமும் ரொட்டி வரும். எதிர்ப் படுக்கை கூடலூர்க்காரர். மாட்டிறைச்சியும் கப்பக்கிழங்கும்தான் உயிர் என்பார். எதற்கு நெஞ்சுவலி வந்தது என்று தினமும் எங்களுக்குள் பட்டிமன்றம். கூடலூர்க்காரரின் இறைச்சிதான் காரணம் என்பார் எஸ்டேட்காரர். எஸ்டேட்காரர் டீயில் போடுகிற சர்க்கரைதான் காரணம் என்பார் கூடலூர்க்காரர். நான் எண்ணெயைப் பற்றிப் பேசுவேன். ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தொண்ணூறு வயது வாழ்ந்த ஒரு தாத்தாவைக் கையில் வைத்திருந்தோம். அந்தத் தாத்தாக்கள் தோட்டத்தில் நாள் முழுக்க நடந்தவர்கள். நாங்கள் அந்தச் சாப்பாட்டை விட்டும் ரொம்பக் காலம் ஆகிறது. பொழுது சாய்ந்தால் கூடலூரில் இருந்தாலும் கோத்தகிரியில் இருந்தாலும் மஞ்சூரில் இருந்தாலும் எல்லோரும் நிற்பது ஒரே மாதிரி பேக்கரி வாசலில். கையில் ஒரே வர்க்கி, ஒரே போண்டா, ஒரே டீ.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது, எந்த எண்ணெய் நல்லது, எது கெட்டது, ஒரே பேச்சாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். ஊட்டிக்காரப் பெண் அவர். எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எண்ணெய் எல்லாத்தையும் குறைக்கணுங்க. தேங்காயெண்ணெயை இன்னும் கொஞ்சம் குறைக்கணும். ஆனா இது ஒரு ஞாயித்துக்கெழம மீன் குழம்புல வந்தது இல்ல. இருபது வருஷமா உள்ள படிஞ்சது. நீங்க இவ்வளவு எண்ணெய்க் கதை சொன்னீங்களே, சிகரெட்டைப் பத்தி நான் கேக்கற வரைக்கும் வாயே தொறக்கலையே?"

எதிர்ப் படுக்கைக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இருபது வருஷம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் அதில் சேர்த்தி. எங்கள் பக்கம் தேங்காய் அரைத்து ஊற்றாத குழம்பு ஏது? இதை நான் சரஸ்வதியிடம் அப்போது சொல்லவில்லை. அவள் ராத்திரியெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து என் படுக்கை ஓரத்தில் தலை வைத்துத் தூங்கினாள். கேன்டீனிலிருந்து வெந்நீர் சுமந்துவந்து கை கால் துடைத்துவிட்டாள். ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் அவளேதான் அலைந்தாள். அப்படிப்பட்டவளிடம் போய் என்ன சொல்வது?

முருகேசன் ஒரு நாள் மாதுளம்பழத்தோடு வந்தார். வந்ததிலிருந்து சரியாகப் பேசவில்லை. சரஸ்வதி வெந்நீருக்குப் போனதும் என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, அதுக்கு முந்துன வாரம் என் வாரம்ண்ணே. குடல் வச்சேன்ல. டாக்டர்ட்ட அதச் சொல்லிட்டீங்களா?"

அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். தங்கராஜிடமும் சொல்லச் சொன்னேன். சொல்லிப் பார்த்துவிட்டதாகவும், அவர் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதாகவும் முருகேசன் சொன்னார். மெஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். அவர் மாதுளையை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

பிறகு கோயம்புத்தூரில் ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, மருந்து செலுத்தி, அடைப்பு எங்கே இருக்கிறது என்று படம் எடுப்பது. அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். குழாய் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கிற சின்னக் கம்பிவலை அது. வலிக்கவில்லை. மருந்து போகும்போது உடம்பில் ஒரு சூடு பரவும், அவ்வளவுதான். பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஓய்வுக்குக் கோபிக்கு வந்தேன். இந்த வீட்டுக்காகத்தானே இத்தனை வருஷமும் மலைமேல் கிடந்தேன்? ஆனால் வீடு நான் இல்லாமல் ஓடப் பழகியிருந்தது. பையனுக்கு இந்த வருஷம் பப்ளிக் எக்ஸாம். அவன் டியூஷனுக்குப் போகிற, வருகிற நேரம்தான் வீட்டின் நேரம். எனக்கு உப்பில்லாத கஞ்சியும் வேகவைத்த காயும் தனியாக, முன்னதாகவே வந்துவிடும். நான் சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களுக்குத் தாளிக்கிற வாசனை வரும். எனக்கு ஆசை வந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். எல்லாம் என்மேல் உள்ள பிரியம்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு தட்டுச் சத்தத்தைக் கேட்பேன். போய் அவர்களோடு உட்கார வேண்டும் போல இருக்கும். போனால் பையன் அவசரமாக அப்பளத்தை மறைப்பான்.

ஒரு நாள் சரஸ்வதியிடம் தங்கராஜ் பேச்சை எடுத்தேன். அவர் சமைப்பதையே விட்டுவிட்டாராம், முருகேசன் போனில் சொன்னார் என்றேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கு எனக்கிருந்த பயத்துல ஆரையாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சுங்க" என்றாள். "அவரு முன்னால நின்னாரு."

மறுநாள் அவளாகவே நம்பர் கேட்டு வாங்கி அவரிடம் பேசினாள். அவர் மரியாதையாகப் பேசினார், பரவாயில்லை என்றார், உடம்பை விசாரித்தார் என்று சொன்னாள். மரியாதை என்று கேட்டதும் எனக்குத் திக்கென்றது. எங்கள் மெஸ்ஸில் மரியாதை விருந்தாளிக்குத்தான்.

பையன் பரீட்சை முடிந்ததும் கீழே மாறுதல் கேட்பது என்று முடிவு செய்தோம். அதுவரைக்கும் மேலே போய் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. டாக்டர்கள் சம்மதித்தார்கள். சரஸ்வதி மாத்திரை டப்பாவைக் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

குவார்ட்டர்ஸில் மூன்று வீட்டிலும் மூன்று அடுப்பு எரிந்தது. தங்கராஜ் பெயருக்குத்தான் அடுப்பு வைத்திருந்தார். பாதி நாள் மஞ்சூர் ஓட்டலில் சாப்பிட்டார். முருகேசன் ஓட்ஸுக்கு மாறியிருந்தார். என் மேஜைமேல் தூசி. நான் ஒரு ஓரத்தைத் துடைத்துக் கஞ்சி வைத்துக் குடித்தேன். இருவரும் தினமும் ஜன்னல் வழியாக, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பார்கள். ஆச்சுங்க என்பேன். ஒரு நாள் முருகேசனைக் கூப்பிட்டு என் கஞ்சியைக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்றார். நொந்துபோனேன். அந்தக் கஞ்சியை நாய் குடிக்காது.

அப்போதுதான் எனக்கு வேண்டியது என்ன என்று தெளிவாகத் தெரிந்தது. மாறுதல் வருவதற்குள் அந்த மேஜையில் மூன்று பேரும் மறுபடி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருஷ மலை வாழ்க்கையில் நான் கடைசியாகச் சொன்ன பேச்சு அந்தக் 'கொன்னுபோடுவீங்க' ஒன்றாகவே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கராஜ் வீட்டுக் கதவைத் தட்டினேன். இது உங்கள் வாரம் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"பேடியா இருக்கு அண்ணே" என்றார். அவர் ஊரில் பயத்தை அப்படித்தான் சொல்வார்கள். "டாக்டர் சொன்னதெல்லாம் முருகேசன் சொல்லியாச்சு. ஒங்க வீட்டுக்காரம்மாவும் பேசினாவ. மனசிலாவுது. ஆனா சட்டிய அடுப்புல வச்சா நீங்க சொன்னதுதாம் கேக்குது."

"நான் சொன்னது நெசமாகலைங்க. உயிரோடதான உக்காந்திருக்கறேன்?" என்றேன். "அந்த ஸ்வெட்டரத் தொட்டுப் பாத்தது நீங்க. தனியாத் திங்க முடியலைங்க தங்கராஜ். ஆஸ்பத்திரில கெடந்ததக்கூடத் தாங்கிட்டேன்."

பதிலுக்கு நிற்காமல் எழுந்து வந்துவிட்டேன். மேஜையை முழுதாகத் துடைத்தேன். மூன்று தட்டு வைத்தேன். முருகேசன் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் தாண்டிக்கொண்டே இருந்தது. வெளியே மூடுபனி இறங்கி அடுத்த வீடு தெரியவில்லை.

தங்கராஜ் சட்டியோடு வந்தார். சாளைதான். மஞ்சளும் மிளகும் தடவி ஆவியில் வேகவைத்திருந்தார். எண்ணெயும் இல்லை, தேங்காயும் இல்லை. உப்பு இருந்ததா என்பதே சந்தேகம். எனக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார். ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டரோடு நின்றது போலவே இருந்தது. நான் ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் அவர் கண் என் நெஞ்சுக்குப் போய் வந்தது. முருகேசன் தலை குனிந்து தின்றார். நல்லா இருக்கு என்று அவர் வாய் திறக்கப்போவது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"ஏனுங்க தங்கராஜ், இதுக்கு அந்தத் தேங்காயெண்ணெயிலயே கொன்னுபோட்டிருக்கலாமுங்க."

முருகேசனின் கை பாதியில் நின்றது. தங்கராஜ் என்னைப் பார்த்தார். கரண்டியைச் சட்டியில் போட்டார்.

"அப்ப அடுத்த வாரம் ஒம்ம வண்டி மையில நீரே வையும்" என்றார்.

பிறகு மூன்றாவது தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.